மெதாய் குத்திய கோட்டு

அப்பாவை விமானத்தில் ஏற்றி அண்ணனிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு நான் செய்த ஏற்பாடுகளை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சிரித்த கையோடு அழுகையும் வரும். எண்பதுகளின் நடுவில் நடந்தது. அப்போது இந்த நோய்க்குப் பாண்டிச்சேரியை அடுத்த எங்கள் வில்லியனூர்ப் பக்கம் ஒரு பெயரும் கிடையாது. ‘பெரியவருக்கு புத்தி தடுமாறிப் போச்சு’ என்பார்கள், அவ்வளவுதான். இன்றைக்கு டிமென்ஷியா என்கிறார்கள். கையில் கட்டப் பட்டை, கழுத்தில் மாட்ட அட்டை, விமான நிலையத்தில் தள்ளிப்போக நாற்காலி என்று எதை எதையோ எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு இருந்தது ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு, ஒரு வாய். வாய் மட்டும் கொஞ்சம் பெரிய வாய்.

அப்பா சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்களை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். கப்பலேறி இந்தோசீனா சண்டைக்குப் போய், உயிரோடு திரும்பி வந்து, மாதா கோயில் தெருவில் வீடு கட்டி, ஒரு துண்டு நிலத்தில் கரும்பும் போட்டார். பிரெஞ்சுக்காரன் ஊரைக் கொடுத்துவிட்டுப் போனபோது அப்பாவும் அண்ணனும் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டார்கள். நான் அதற்குள் ஓர் இந்தியக்காரரைக் கட்டிக்கொண்டு இந்தியக்காரியாக நின்றுவிட்டேன். கட்டிக்கொண்ட மனிதர் சீக்கிரமே போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டியும் இல்லை. அப்பா வீட்டுக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை பார்த்தேன். அண்ணன் பாரீசுக்குப் போய்விட்டான். அம்மாவும் போன பிறகு அந்த வீட்டில் நானும் அப்பாவும்தான்.

அப்புறம்தான் இந்த மறதி வந்தது. முதலில் கண்ணாடியைத் தேடினார், அப்புறம் கரும்புக் கொல்லைக்குப் போகும் வழியைத் தேடினார், அப்புறம் அம்மாவைத் தேடினார். சில நாள் என்னை மகள் என்பார், சில நாள் அம்மாவின் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எதுவானாலும் போய் நிற்பேன். ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரு நாள் பின்கதவுத் தாழ்ப்பாளைக் கழற்றிக்கொண்டு நடந்துபோய் ரயில் தண்டவாளத்தில் உட்கார்ந்துவிட்டார். ரயில்வே ஆள் ஒருவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார். “கப்பல் எத்தினி மணிக்குன்னு என்னையே கேக்கிறாரு டீச்சர்” என்றார் அவர். அன்றைக்கே பின்கதவுக்கு ஒரு பூட்டு வாங்கிப் போட்டேன்.

அடுத்த லீவில் அண்ணன் வந்தான். “இனிமே உன்னால முடியாது. பட்டாளத்துல இருந்தவங்களுக்கு அங்க நல்ல வைத்தியம் இருக்கு. நான் வச்சிக்கிறேன்” என்றான். அவன் லீவு முடிவதற்குள் அப்பாவுடைய காகிதங்கள் தயாராகவில்லை. ஆகவே கூட்டிக்கொண்டு வரும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு ஒரு மாதத்துக்குத்தான் விசா. கொண்டுபோய் விட்டுவிட்டு நான் மட்டும் திரும்ப வேண்டும்.

போகிற வழியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பயம்தான். அவர் தொலைந்துவிடுவாரோ என்றுகூட இல்லை, தொலைய நான் விடமாட்டேன். நாலு பேர் முன்னால் அவர் அவமானப்பட்டுவிடக் கூடாது. நினைவு போன பிறகும் தினம் முகம் மழித்துச் சட்டைப் பித்தானைக் கழுத்துவரை போடும் மனிதர் அவர். இந்தோசீனா சண்டையில் நடந்ததாக அவர் எங்களுக்குச் சொன்னது ஒரே ஒரு கதைதான். காவலில் நிற்க வேண்டிய நேரத்தில் பயந்து ஓடிவிட்ட ஒரு நம்மூர்ப் பையனைப் பிடித்துக்கொண்டு வந்து, எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்து, அவன் நெஞ்சில் இருந்த பட்டியையும் பித்தானையும் ஒவ்வொன்றாகப் பிய்த்தார்களாம். “சுட்டிருந்தா கூட பரவால்ல” என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து போய்விடுவார். ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில்தான் எழுந்து போவார்.

ஏற்பாடுகளை ஆரம்பித்தேன். முதல் வேலையாக அவர் சட்டை, பனியன், கால்சட்டை எல்லாவற்றிலும் உள்பக்கமாக வெள்ளைத் துணி வைத்து, அண்ணன் வீட்டு விலாசத்தைச் சிவப்பு நூலில் தைத்தேன். வெளியே தெரியும்படி தைக்க எனக்கு மனசு வரவில்லை, அவர் என்ன சலவைக்குப் போடும் துணியா? கால்சட்டையில் பித்தானை எடுத்துவிட்டு நாடா கோத்தேன், அவசரத்துக்கு இழுத்தால் அவிழ வேண்டும். பழைய துண்டுகளைக் கிழித்து, துவைத்து, மடித்து, அடியில் கட்டுவதற்கு ஒரு பை நிறைய வைத்துக்கொண்டேன். மேலே ஏறும்போது காது அடைக்கும் என்று அண்ணன் சொல்லியிருந்தான், வாயில் போட்டுச் சப்புவதற்குப் பனங்கற்கண்டு. எனக்கு நூல் புடவைகளாக எடுத்து வைத்தேன். அப்பாவுக்கு வெளியே போனால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் வழக்கம், பட்டு கையில் நிற்காமல் வழுக்கும்.

விமானத்தில் இடுப்பில் பெல்ட் போடுவார்கள், அதற்கு இவர் ஒத்துக்கொள்ள வேண்டுமே! அதற்கு ஒத்திகை டவுன் பஸ்ஸில் நடந்தது. வில்லியனூரில் ஏறி, சன்னலோரம் உட்கார வைத்து, ஒரு துண்டை அவர் இடுப்பைச் சுற்றி சீட்டோடு முடிந்துவிடுவேன். பாண்டிச்சேரி போய் ஒரு டீ குடித்துவிட்டு அதே மாதிரி திரும்புவோம். முதல் நாள் கண்டக்டர் பார்த்துவிட்டு விசிலையே மறந்துவிட்டான்.

“இன்னா டீச்சர், பெரியவர கட்டிப் போட்டு இஸ்துக்கினு போற?”

“பாரீசுக்கு இஸ்துக்கினு போறேன், உனக்கும் ஒரு துண்டு வேணுமா? போய் டிக்கெட்ட கிழிடா” என்றேன்.

பஸ் முழுக்கச் சிரித்தது. அப்பாவும் சிரித்தார். நாலைந்து தடவை போன பிறகு உட்கார்ந்ததும் அவரே கையைத் தூக்கிக்கொண்டு துண்டுக்காகக் காத்திருப்பார். பறக்கப் போகிறோம் என்று நான் சொல்லவே இல்லை. கப்பல் என்றுதான் சொன்னேன். அவருக்குத் தெரிந்த பயணம் அதுதானே.

கடைசி ஏற்பாடுதான் கோட்டு. பிரெஞ்சுக்காரனின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி வந்தால் எங்கள் பக்கத்துச் சொல்தாக்கள் எல்லாரும் கோட்டை மாட்டி, நெஞ்சில் மெதாய் குத்திக்கொண்டு பாண்டிச்சேரி பீச்சுக்குப் போவார்கள். மெதாய் என்றால் அவர்களுடைய பதக்கம். அங்கே கொடியேற்றி, செத்துப்போனவர்களுக்கு மாலை வைப்பார்கள். மறதி வந்த பிறகும் நான் அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். கோட்டைப் போட்டு மெதாயைக் குத்திய நிமிஷமே முதுகு நிமிர்ந்துவிடும், பார்வை தெளிந்துவிடும். நட என்றால் நடப்பார், நில் என்றால் நிற்பார். அன்றைக்கு முழுக்க ஒருவரும் இவருக்கு நோய் என்று சொல்ல முடியாது. இதைவிட வேறென்ன மருந்து வேண்டும்? மெதாயோடு போனால் வெள்ளைக்காரனும் எழுந்து நின்று மரியாதை கொடுப்பான் என்றும் கணக்குப் போட்டேன். பக்கத்து வீட்டு அக்காதான் பெட்டியில் கரியைப் போட்டுக் கோட்டை இஸ்திரி செய்து கொடுத்தாள். “கல்யாண மாப்ள கணக்கா கீறாரு உங்கப்பா” என்று சொல்லிவிட்டு அழுதாள்.

மெட்ராஸ் விமான நிலையம் வரைக்கும் ஒரு குறையும் இல்லை. வாடகைக் காரில் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். உள்ளே நுழைந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டார். கூட்டத்தையும் சத்தத்தையும் பார்த்து, “கப்பல் பெருசோ?” என்று கேட்டார். “பெருசுப்பா” என்றேன். பெட்டியைப் போட்டோம், சீட்டு வாங்கினோம். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அடுத்தது சோதனை பண்ணும் இடம்.

அங்கே ஆம்பளைகளுக்கு ஒரு வரிசை, பொம்பளைகளுக்கு ஒரு வரிசை.

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அண்ணனுக்கும் தோன்றவில்லை. அவன் என்றைக்கு முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரும் ஆளோடு பயணம் செய்தான்? “இவர என்கூட வுடுங்கம்மா, புத்தி சுவாதீனமில்ல” என்று அங்கிருந்த போலீஸ் பெண்ணிடம் கெஞ்சினேன். “ஒரு நிமிஷம்மா, அந்தப் பக்கம் வந்துடுவாரு” என்று என்னைத் திரை மறைவுக்குள் தள்ளினாள். முந்தானையை அவர் விரலிலிருந்து நான்தான் உருவினேன்.

திரைக்கு உள்ளே நிற்கும்போது அந்தப் பக்கம் ‘பீப் பீப்’ என்று கேட்டது. அப்புறம் ஓர் இளவயசுப் போலீஸ்காரரின் குரல், மரியாதையான குரல்தான்: “பெரியவரே, நெஞ்சுல குத்தியிருக்கிறதெல்லாம் கழட்டி இந்தத் தட்டுல வைங்க.”

மறுபடியும் அவர் சொன்னார்: “நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?”

ஐயோ மாதாவே! எனக்கு அப்போதுதான் உறைத்தது. புடவையை அரைகுறையாக இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே ஓடி வந்தேன். அப்பா குதிகால் இரண்டையும் சேர்த்து, கையைத் தொடையோடு ஒட்டி, மோவாயைத் தூக்கிக்கொண்டு நின்றார். போலீஸ்காரர் அவர் கோட்டிலிருந்து ஒவ்வொரு மெதாயாக எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, ஆனால் துடைக்கக் கையைத் தூக்கவில்லை.

“நான் ஓடல, மோன் கப்பித்தேன்” என்றார். என் கேப்டனே என்று அர்த்தம். “சத்தியமா நான் ஓடல. காவல்லதான் நின்னேன்.”

போலீஸ்காரர் பதறிவிட்டார். “இன்னாம்மா, நான் ஒண்ணும் சொல்லலியே! மெஷினுக்காகத்தான் எடுக்கச் சொன்னேன்” என்றார். பாவம், அவர் வேலையை அவர் செய்தார். தட்டை அப்படியே என்னிடம் நீட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். நாங்கள் வேதக்காரர்கள், பிள்ளையார் பிடிக்கிற பழக்கமில்லை, ஆனாலும் எனக்குக் குரங்காகத்தான் முடிந்தது. எது நடக்கக் கூடாது என்று அத்தனை நாள் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தேனோ, அதற்கு நானே கோட்டுப் போட்டு, மெதாய் குத்தி, கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தேன்.

மெதாய்களைத் திரும்பக் குத்தப் போனேன். அப்பா நெஞ்சைக் கையால் மூடிக்கொண்டார். “வேணாம். எனக்கு இனிமே உரிமையில்ல” என்றார். கைக்குட்டையில் முடிந்து என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

விமானத்தில் மற்றதெல்லாம் நான் நினைத்தபடியே நடந்தது, அதைத்தான் சொல்லிச் சொல்லி மாளவில்லை. பெல்ட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார். பனங்கற்கண்டைச் சப்பினார். அந்தக் குட்டிக் கக்கூசுக்குள் நானும் கூடவே நுழைந்து கதவைச் சாத்தினேன். விமானப் பணிப்பெண் ஒரு மாதிரி பார்த்தாள். பார்க்கட்டுமே. நாடா இழுத்த இழுப்பில் அவிழ்ந்தது. பம்பாயில் விமானம் மாறும்போதுகூட ஒரு தொந்தரவும் கொடுக்கவில்லை. கைதி மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்ன இடத்துக்கு நடந்தார். யாராவது அவரைக் கடந்துபோனால் எழுந்திருக்கப் பார்ப்பார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பித் திரும்பி ஒரே கேள்வி.

“என் மேல இன்னா பிராது?”

“ஒண்ணும் இல்லப்பா. நீங்க நல்லவருப்பா.”

“அப்ப ஏன் பிச்சாங்க?”

என்ன சொல்வது? மெஷின் என்றேன், தப்பு நடந்துவிட்டது என்றேன், நான்தான்பா உன் பொண்ணு, என்னைப் பாரு என்றேன். கடைசியில் கோபம்கூட வந்தது, “சும்மா இருப்பா கொஞ்ச நேரம்!” என்று கத்திவிட்டேன். அவர் சும்மா இருந்தார். அது அதைவிடத் தாங்க முடியவில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். யாரோ புது ஆளைப் பார்க்கிற பார்வை.

“நீ அங்க நின்னுக்கினு இருந்த இல்ல?” என்றார். “நான் ஓடல, நீ பாத்த இல்ல? நீ சாட்சியாம்மா?”

சட்டென்று பிடித்துக்கொண்டேன். “ஆமா, நான் சாட்சி. நீங்க ஓடல. என் கண்ணால பாத்தேன்.”

அவர் உடம்பு தளர்ந்ததை என் தோளில் உணர்ந்தேன். “அப்ப கூடவே வா. நடுவுல போயிடாத” என்று முந்தானையை எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார். அதற்கப்புறம் பாரீஸ் வரைக்கும் தூங்கினார். என்னைப் பெற்றவருக்கு நான் அந்த நிமிஷத்தோடு மகள் இல்லை, சாட்சி. அது எனக்கு அப்போது புரியவில்லை. தூங்குகிறாரே என்று மாதாவுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் வேலையிலிருந்து நேராக வந்திருந்தான். கறுப்புக் கோட்டு, டை. அப்பா அவனைக் கண்டதும் மறுபடியும் குதிகாலைச் சேர்த்து நின்றுவிட்டார். “மோன் கப்பித்தேன், சாட்சிய கூட்டியாந்திருக்கேன்” என்றார். கட்டிப்பிடிக்க வந்த அண்ணன் கையை விரித்தபடி நின்றான். மெட்ராஸில் நடந்ததை அழுகையும் ஆத்திரமுமாக அவன் காதில் கொட்டினேன். அந்த நாட்டுக் குடிமகன் என்பதால் அவனும் கொஞ்ச காலம் பட்டாளத்தில் இருந்தவன்தான். என்னிடம் கையை நீட்டினான். கைக்குட்டை முடிச்சைக் கொடுத்தேன்.

அத்தனை கூட்டத்துக்கு நடுவில் அண்ணன் அப்பாவுக்கு நேராக நிமிர்ந்து நின்றான். பிரெஞ்சில் உரக்கச் சொன்னான்: விசாரணை முடிந்தது, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை, தப்பு எங்களுடையது. மெதாய்களை ஒவ்வொன்றாக அவர் நெஞ்சில் குத்தினான். குத்தி முடித்ததும் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தான். அது அவர்கள் பட்டாளத்து வழக்கம்தான், ஆனால் அண்ணனுக்குக் கன்னம் முழுக்க ஈரமாயிருந்தது. பின்னால் ஓர் அடி வைத்து சல்யூட் அடித்தான்.

அப்பாவும் சல்யூட் அடித்தார். வலது கையைத் தூக்குவதற்காக முந்தானையை விட்டார்.

திரும்பப் பிடிக்கவே இல்லை. காருக்குப் போகும்போது அண்ணனோடு பட்டாள நடையில் கால் ஒத்து நடந்துபோனார். நான் பைகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். அவரை விட்டுப் பிரியும் நாளைக்கென்று என்னென்ன யோசித்து வைத்திருந்தேன் தெரியுமா? நான் உடுத்திய புடவை ஒன்றைத் துவைக்காமல் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன், பிடித்துக்கொள்ளக் கொடுத்துவிட்டு வரலாம் என்று. அது பெட்டியோடு கிடந்தது.

அந்த ஒரு மாதமும் அண்ணன் வீட்டில் அப்பா நன்றாக இருந்தார், வஞ்சகமில்லாமல் சொல்கிறேன். அண்ணனைக் கப்பித்தேன் என்று அவன் பின்னாலேயே சுற்றுவார். என்னிடம் அவ்வளவு மரியாதை. நான் வந்தால் எழுந்து நாற்காலி கொடுப்பார். ஒரு நாள் அண்ணி வாங்கி வந்த மீனில், எங்கள் வீட்டு வழக்கப்படி மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். அவருக்கு நினைவு வரட்டும் என்றுதான் வைத்தேன், வேறெதற்கு? ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, “எங்க வூட்ல என் மவ இப்டிதாம்மா வைப்பா” என்றார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

நான் கிளம்பும் நாள் வந்தது. அண்ணன் காரில் பெட்டியை ஏற்றிவிட்டு உட்கார்ந்தான். அப்பா கோட்டைப் போட்டு, மெதாய் குத்தி, வாசலுக்கு வந்து நின்றார். அவரை உயிரோடு நான் பார்த்தது அதுதான் கடைசி.

“எங்கூரு பக்கந்தான் போறியாமே?” என்றார்.

“ஆமாப்பா.”

“வில்லியனூர்ல எறங்கி மாதா கோயில் தெருன்னு கேளும்மா, யாரு வேணா சொல்லுவாங்க. அங்க என் மவ தனியா கீறா. டீச்சரு. கொஞ்சம் வாய் ஜாஸ்தி, ஆனா தங்கமான பொண்ணு. உங்கப்பன் ஓடலன்னு அவகிட்ட சொல்லிடு. மெதாயெல்லாம் திருப்பிக் குடுத்துட்டாங்கன்னு சொல்லு. ஊர் ஆயிரம் பேசும், அவ நம்பணும்.”

“நம்புவாப்பா” என்றேன். “அவ எப்பவும் நம்புவா.”

அப்பா என்னைப் பார்த்தார். முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது.

“நீ அவள பாத்ததே இல்லியே” என்றார். “உனக்கு எப்படித் தெரியும்?”

இருந்த ஒரே வாயும் எனக்கு அன்றைக்கு அடைத்துக்கொண்டது. அண்ணன் காரை எடுத்தான்.